நரகத்துக்குக் கெடு உண்டுமா, மருமவனே?

வாலே மருமவனே, உக்காரு. பட்டணத்துக்குப் போனவன் படிச்சுட்டு வருவான்னு பாத்தா, ரட்சிக்கப்பட்டுல்லா வந்திருக்க! வந்த கையோட என்கிட்டயே, "மாமா, நீங்க ரட்சிக்கப்பட்டாச்சா?"ன்னு, சோறு தின்னாச்சான்னு கேக்க மாதிரி கேக்க. ரட்சிக்கப்படாதவனுக்கு நித்திய நரகம், அதுக்குக் கெடுவும் கிடையாது, விடுதலையும் கிடையாதுன்னு அடிச்சுப் பேசுத. பேசு மக்கா. பழைய உபதேசியார் நான், தொழில்காரன் பேச்சைக் கெடுக்க மாட்டேன். எப்படிப் பேசணும்னு மட்டும் கொஞ்சம் சொல்லித் தாரேன்.

மொதல்ல நம்ம கணக்கைப் பாரு. முத்துக்குளிச்ச நம்ம பரவ சனம் ஞானஸ்நானம் வாங்கினது 1530-கள்ல. வேதம் மனசுல இறங்கியா வாங்கினாவ? கடல்ல தகராறு, போர்த்துக்கீசியன் கப்பல் துணைக்கு வேணும், தலையைக் காட்டுன்னான், காட்டினாவ. சவேரியார் 1542-ல வந்து விசாரிச்சா, நாங்க கிறிஸ்தவங்க என்கிறதைத் தவிர ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லத் தெரியலை. அவரே எழுதி வச்சிருக்காரு. கப்பல் முந்தி, தண்ணி பிந்தி, உபதேசம் எல்லாத்துக்கும் பிந்தி. இந்த ரட்சிப்பு செல்லுமா செல்லாதான்னு உங்க சபையில கேட்டுச் சொல்லு.

நம்ம கடற்கரையில மணியாட்டிப் புள்ளைகளைக் கூட்டின அதே சவேரியார் 1549-ல சப்பானுக்குப் போனாரு. அங்க உள்ளது விவரமான சனம். ஞானஸ்நானம் வாங்கினவுகளே அவரை மடக்கிட்டாவ. எங்க அப்பனும் பாட்டனும் இந்தப் பேரே காதுல விழாமச் செத்துப்போனாவளே, அவுக எங்க சாமி? நரகத்துலன்னாரு. தருமம் பண்ணி, செபம் சொல்லி வெளிய எடுக்க வழியுண்டா? இல்லைன்னாரு. அந்த ஊர்ப் பிக்குமாராவது காணிக்கை வாங்கிட்டு எடுத்துத் தாரோம்னாவ. இவரு காசும் கேக்கலை, ஆளையும் எடுத்துத் தரலை. உங்க கடவுளுக்கு ஏன் எடுக்க முடியாது, என்னென்னைக்கும் எதுக்கு அங்கன கெடக்கணும்னு கேட்டுக் கேட்டு அழுதிருக்காவ. 1552-ல கொச்சியில இருந்து எழுதின கடுதாசியில இதையெல்லாம் ஒளிக்காம எழுதிட்டு, தீர்க்க வழியில்லாத காரியத்துக்குக் கூட்டாளிமாரு அழுததைப் பாக்கத் தனக்கும் வருத்தமாத்தான் இருந்துதுன்னு சேத்திருக்காரு. அந்த வருத்தத்துக்காகவே நான் அவரைப் புனிதருன்னு ஒத்துக்கிடுவேன். உன் கதை அப்படியா இருக்கு? நரகம்னு சொல்லுதப்போ உன் மூஞ்சியில வெளிச்சம்லா அடிக்குது!

அந்தச் சப்பான் கேள்விக்கு ரோமாபுரியில ஆயர்மாரு சங்கம் கூடிப் பதில் எழுதினது 1964-ல. தன் குத்தமில்லாமச் சுவிசேஷம் அறியாதவுக, நேர்மையான மனசோட கடவுளைத் தேடினா மோட்சம் போவலாம்னு சங்கத்துல எழுதிட்டாவ. 412 வருசம்! அழுதவுகளுக்கு யாரு போய்ச் சொல்லுதது? ஆனா ஒண்ணு, நரகத்தை இழுத்துப் பூட்டலை. அது நித்தியம்னு ஞானோபதேசத்துல இன்னைக்கும் இருக்கு. உள்ள யாரு இருக்கான்னுதான் ஒரு பேரும் சொல்லலை. கெட்டிக்காரனுவ.

பேரு சொல்லுததுல ஆபத்துண்டு மருமவனே. எல்லா ஆத்துமாவும் ஒருநாள் கடவுள்கிட்டத் திரும்பி வந்துரும்னு அலெக்சாந்திரியாவுல ஓரிகன்னு ஒருத்தர் நெனச்சாரு. அவரு செத்து 300 வருசம் கழிச்சு, 553-ல சங்கம் கூடிப் பேரைச் சொல்லிச் சபிச்சாவ. நீசா ஊர் கிரகோரியாரும் ஏறக்குறைய அதையேதான் எழுதினாரு. அவரு அர்ச்சியசிஷ்டர்! எனக்கும் இது விளங்கலை, உனக்கு விளங்கினா சொல்லு.

இங்கிலாந்துக் கூத்து இன்னும் ருசி. நித்திய தண்டனையைக் கொஞ்சம் இளக்கி எழுதினதுக்கு 1853-ல லண்டன்ல மாரிஸ்னு ஒரு வாத்தியார் பாதிரியாருக்கு வேலை போச்சு. வில்சன்னு இன்னொரு பாதிரியார் மேல இதே குத்தம் வழக்காகி, 1864-ல ராணியோட பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. கடைசியில எல்லாருக்கும் மன்னிப்புக் கிடைக்கலாம்னு எதிர்பாக்கது குத்தமில்லைன்னு தீர்ப்பு. பொறுப்பாவளா? சுமார் 11,000 பாதிரிமாரு, தண்டனை நித்தியம்தான்னு கையெழுத்துப் போட்டு நீட்டிட்டாவ. அதுல ஒருத்தராவது தன்னை நெனச்சுப் போட்டிருப்பாருங்கியா? நரகம் நீளமா இருக்கணும்னு கேக்கவன் எவனும் தனக்கு எடம் பிடிக்கக் கேட்டு நான் பாத்ததில்லை.

அதனால நித்தியம்னு தாராளமாச் சொல்லு, ஆனா ஆளைக் காட்டிச் சொல்லு. உலகம், பாவிகள்னு பொத்தாம்பொதுவாச் சொன்னா எவனுக்குச் சுடும்? உங்க ஆச்சி, எங்க அம்மை, செபமாலையை உருட்டிக்கிட்டே செத்தா. உங்க சபை முறையில முழுவி எந்திரிக்கலை. உனக்குச் சோறூட்டி வளத்தவளும் அவதான். அவ இப்போ எங்க இருக்கா, எத்தனை நாளைக்கு? என்கிட்டச் சொல்லாண்டாம். அடுக்களையில உங்க அம்மை மீன் பொரிச்சுக்கிட்டு நிக்கா, அவகிட்டப் போய்ச் சொல்லிட்டு வா. கரண்டியைக் கீழ வச்சாளான்னு பாத்துக்கிட்டுச் சொல்லு.