செஞ்சிக்காரன் படித்த அரசியல்

1991இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு இடம் கிடைத்தபோது, செஞ்சிக் கடைத்தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அரசியல் படிச்சு என்ன தம்பி பண்ணப் போற? கட்சியில சேரப் போறியா?" திருவண்ணாமலையிலிருந்து வரும் பேருந்தில் ஏறினால் திண்டிவனம் வழியாகப் பாரிமுனையில் போய் இறங்கலாம். அங்கிருந்து எங்கள் கல்லூரியின் சேப்பாக்கம் விக்டோரியா விடுதி பக்கம்தான்.

அரசியல் படிக்க அதைவிடப் பொருத்தமான காலம் அமைந்திருக்காது. அந்த ஜனவரியில்தான் அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவின்கீழ் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டிருந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 நவம்பரில் இடஒதுக்கீடு பற்றிய மண்டல் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே பாபர் மசூதி இடிக்கப்பட்டது. நாங்கள் கடைசி ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 1994 மார்ச்சில், மாநில அரசுகளை நினைத்தபடி கலைக்க முடியாது என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. காலையில் வகுப்பில் படித்தது மாலையில் விடுதி வராந்தாவில் விவாதமாகும்.

பாடப் புத்தகத்தில் ஹாப்ஸ், லாக், ரூசோ. விடுமுறைக்கு ஊருக்கு வந்து செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறும்போதுதான் அவர்கள் நூல்கள் வெளிவந்த ஆண்டுகள் எங்கள் மலையின் வரலாற்றோடு பொருந்தி வருவதைக் கண்டேன். மக்களின் இசைவு இல்லாத ஆட்சிக்கு உரிமையில்லை என்று வாதிட்ட லாக்கின் நூல் 1689இல் வெளிவந்தது. அதே ஆண்டுதான் சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பிச் செஞ்சியை நோக்கி வந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698இல்தான் கோட்டையைப் பிடித்தார். ரூசோவின் சமூக ஒப்பந்தம் வந்தது 1762இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் ஆண்டார்கள். மலையடிவாரத்தில் நெல் விளைவித்தவனிடம் அவர்களில் ஒருவரும் சம்மதம் கேட்டதில்லை. லாக் சொன்னது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அந்தச் சம்மதத்தைக் கேட்கும் சட்டம் நான் மாணவனாக இருந்தபோதே வந்தது. உள்ளாட்சி அமைப்புகளுக்கான 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் 1986க்குப் பிறகு நடக்காத உள்ளாட்சித் தேர்தல் 1996இல்தான் நடந்தது. அப்போது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் அது பாதியாக உயர்ந்தது.

இன்று சென்னைப் பேருந்து பாரிமுனை வரை போகாமல் கிளாம்பாக்கத்தில் நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது எங்கள் செஞ்சி மட்டும்தான். கடைத்தெருக் கேள்வியும் மாறிவிட்டது: "குரூப் ஒண்ணுக்கு இது உதவுமா சார்?" உதவும். இந்திய ஆட்சியியல் அந்த அரசுப் பணித் தேர்வில் பெரிய பகுதி. பிள்ளைகள் 356ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 1976, 1980, 1991 என மூன்று முறை தமிழ்நாட்டில் பெரும்பான்மை பெற்ற அரசுகள் அதே பிரிவால் கலைக்கப்பட்டன என்று சொன்னால் வியக்கிறார்கள். அன்று இந்தப் படிப்பைக் கட்சிக்கு வழி என்று நினைத்தார்கள். இன்று வேலைக்கு வழி என்று நினைக்கிறார்கள். நம்மை யார் ஆள்கிறார்கள், எந்த உரிமையில் ஆள்கிறார்கள், நாம் எங்கே கேள்வி கேட்கலாம் என்று கற்றுத் தருவதுதான் இந்தப் படிப்பு. குடிமக்கள் எல்லாருக்கும் அது வேண்டும்.

எத்தனையோ அரசுக் கல்லூரிகளில் இன்னும் இந்தத் துறையே இல்லை. செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ அரசியல் அறிவியல் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அதற்கு முன்பே, அடுத்த கிராமசபைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரவுசெலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லி அவர்களே எழுந்து கேட்கட்டும்.