முதல்மலைச் சூரர்

மாசி பிறந்தால் போதும், கோவைப் பக்கம் எந்த ஆபீஸிலும் ஒரு முதல்மலைச் சூரர் தலையெடுத்துவிடுவார். வெள்ளியங்கிரி போகிறாராம். ஏழு மலை, உச்சி சுமார் 6,000 அடி. ஆயத்தமெல்லாம் பலம்தான்: புது ஷூ, தலையில் மாட்டும் டார்ச், ஒரு வாட்ஸ்அப் குரூப். இரண்டாம் மாடிக்கு மட்டும் லிஃப்ட். கேட்டால், "தெம்பை மிச்சம் பிடிக்கிறேன்."

மருதமலையில் 837 படி இருக்கிறதே, வாரம் ஒருநாள் நின்று நின்று ஏறிப் பழகி, மெல்ல மெல்லக் கூட்டலாமே என்றால் சிரிப்பார். அதை அவர் ஒரே மூச்சில் ஏறியவர். பிளஸ் டூ படிக்கும்போது. இதய நோய், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதும் வேறு யாருக்கோதான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரே தவிர, அவருக்குச் சர்க்கரை கிடையாது.

பூண்டியில் மூங்கில் தடியைக் கையில் வாங்கியதும் ஆளே மாறிவிடுவார். முதல் மலை செங்குத்தான படி. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி அதில் ஓடுவார். வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. பேச்சு அறுந்தால் தசை கேட்கிற காற்றை நெஞ்சால் கொடுத்து மாளவில்லை என்று கணக்கு. சூரரிடம் இதை அளக்கக் கருவியே வேண்டாம். அடிவாரத்தில், "ஓம் நமச்சிவாய!" நூறு படி தாண்டி, "சிவாய." அப்புறம், "சிவா." கடைசியில் வெறும் "வா." கூப்பிடுகிறாராக்கும் என்று முன்னால் போன நண்பர் பாவம், இறங்கி வருவார்.

அப்போதுதான் வெறுங்காலோடு ஒரு பெரியவர் அவரைக் கடப்பார். பத்திருபது படி, தடியில் சாய்ந்து ஒரு நிற்பு, மறுபடி பத்திருபது படி. "மெல்ல வாங்க தம்பி, மலை எங்கீங்க போயிரப் போகுது?" சூரர் பதில் சொல்லவில்லை. மரியாதைக்காக அல்ல.

எப்படியோ ஏழாவது மலையும் ஏறிவிடுகிறார், ஒவ்வொரு சுக்குக் காப்பிக் கடைக்கும் வருமானம் கொடுத்து. தண்டனை இறங்கும்போது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. பழகாத தொடைக்கு வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆபீஸ் நாற்காலியில் உட்காரக் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, முனகியபடியே பயணக் கதையை ஆரம்பிப்பார். அதில் அவர் எங்குமே நின்றதில்லை.

அடுத்த தடவைக்குத் தை முதல் தேதியே பயிற்சி ஆரம்பமாம். எந்த வருஷத்துத் தை என்று யாரும் கேட்பதில்லை.