மண்ணுக்குக் காது கொடுக்கும் மாண்புமிகு தொழில்

பெறுநர்:
கண்காணிப்புத் தொல்லியலாளர் அவர்கள்,
இந்தியத் தொல்லியல் துறை, பெங்களூரு வட்டம்,
கேந்திரிய சதன், கோரமங்கலா.

பொருள்: நன்றி தெரிவித்தலும், இப்படியே இருக்க வேண்டுதலும்.

ஐயா,

ஆன்லைனில் சொல்லியிருந்த மெட்டல் டிடெக்டர் வீடு வந்து சேர்ந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தைப் புரட்டினேன். தோண்டத்தான் உரிமம் வேண்டுமாம். என் கருவியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இங்கிலாந்துக்காரன் 1979 சட்டத்தில் 42-ஆம் பிரிவு என்று தனியாகவே வைத்து, பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் இதைப் பயன்படுத்தினாலே குற்றம் என்கிறான். சந்தேகப் பிராணி! தாங்கள் பெருந்தன்மைக்காரர். நானும் தோண்டுவதில்லை ஐயா, மண்ணுக்குக் காது கொடுக்கிறேன். கருவி கத்தினால் மட்டும் லேசாகக் கிளறுவேன்.

நம்மூர் இதற்கு ராசியான ஊர். 1891-இல் யஷ்வந்த்பூரில் ரயில் வேலைக்கு மண் வெட்டியபோது 163 ரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1965-இல் எச்.ஏ.எல். விமான நிலையப் பக்கம் 256. கருவியே இல்லாமல் இவ்வளவென்றால், இருந்தால் எவ்வளவு!

என்னிடம் ஒரு நல்ல குணம் உண்டு, பானை ஓட்டை எடுத்துக்கொள்ளமாட்டேன். கருவியும் ஓட்டுக்குக் கத்தாது. 1945-இல் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில், தங்கள் துறையின் அன்றைய தலைவர் வீலர் துரை, இத்தாலியில் செய்த அரிட்டைன் கிண்ணங்களின் உடைசலைப் பொறுக்கி, அந்த மண்ணடுக்குகளுக்கு வயது சொன்னார். அங்கே கூடவே கிடைத்த, பல்சக்கரம் உருட்டிப் புள்ளிவரி பதித்த ரௌலட்டட் ஓடுகளைப் பிடித்துக்கொண்டு 1947-இல் நம் சித்ரதுர்கா பக்கம் வந்து, பிரம்மகிரியிலும் சந்திரவல்லியிலும் குழி போட்டார். சந்திரவல்லியில் சாதவாகனர் அடுக்கில் ரோமப் பேரரசர் திபேரியஸின் காசு கிடைத்ததும் அதை விற்கவா செய்தார்? எந்த அடுக்கு, பக்கத்தில் எந்த ஓடு என்று குறித்துக்கொண்டார். என்ன நேர விரயம்! நானாயிருந்தால் புளி போட்டுத் தேய்த்து, அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விட்டிருப்பேன். (கரூர் அமராவதி மணலைச் சலித்துச் சலித்தே ரோமக் காசு எடுத்தவர்கள் எங்கள் முன்னோடிகள். பாவம், அவர்களுக்கு பேட்டரி வசதி இல்லை.)

சட்டத்தை நான் மதிப்பவன். 1878-இன் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைத்தான் கலெக்டருக்குச் சொல்லச் சொன்னது. ஆகவே திபேரியஸுக்குத் தலைக்கு ஒன்பது ரூபாய் என்று நானே விலை வைத்துக்கொண்டேன்.

ஆகையால், பாதுகாக்கப்பட்ட இடங்களில் தாங்கள் நட்டிருக்கும் நீல எச்சரிக்கைப் பலகையில் என் கருவியின் பெயரைச் சேர்த்துத் தொலைக்க வேண்டாம். இந்தக் கருவியை விற்பவர்களிடம் யார் வாங்கினார்கள், எதற்கு என்று விசாரிக்கவும் வேண்டாம். காசு கிடைக்கிற காட்டையும் மேட்டையும் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் சேர்த்து, காவலுக்கு ஆள் போட்டால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை கெடும்.

பதிலுக்கு என்னாலான சேவை: கிளறிய இடத்தில் வந்த ஓடுகளையெல்லாம், மேலடுக்கு கீழடுக்கு என்ற பேதமில்லாமல், குழியோரத்தில் ஒரே குவியலாக வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வேண்டுமானால் லாரி அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் மௌனத்தால் வாழும்
ஒரு பொழுதுபோக்காளன்