மாங்காய்க்கு மயங்கிய மகாராஜா

சங்ககால ராஜாவுக்குப் பட்டத்துராணி ஒருத்தி, காவல்மரம் ஒன்று. எதிரி படையெடுத்து வந்தால் கோடரி விழுவது மரத்தின் மேல்தான். ராஜாவுக்கு எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த மர மையலில் முற்றிப்போன கேஸ், நன்னன் என்ற ராஜா. அவன் பொத்திவைத்திருந்த மாமரத்தின் காய் ஒன்று ஆற்றோடு போனது. குளிக்கப் போன பெண் எடுத்துக் கடித்துவிட்டாள். மிளகாய்ப்பொடி இந்த நாட்டுக்கு வர ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருந்ததால், பாவம், வெறுங்காயாகவே தின்றாள். பிடித்தார்கள். மரண தண்டனை!

அவளைச் சேர்ந்தவர்கள் ஓடிவந்து, 81 யானையும் அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். ஒரு மாங்காய்க்கு எந்த மண்டியில் இந்த விலை கிடைக்கும்? நன்னன் மசியவில்லை. கொன்றே தீர்த்தான். புலவர் பரணர் சும்மா விடுவாரா? பெண்கொலை செய்த பாவி என்று குறுந்தொகையில் ஏற்றிவிட்டார். பிற்பாடு கோசர் என்ற கூட்டத்தார் வந்து அந்த மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். காயும் போச்சு, பேரும் போச்சு.

பெண்களுக்கும் மரப் பாசம் உண்டு. ஆனால் ஆளைக் கொல்லாது. நற்றிணையில் ஒருத்தி, விளையாட்டாய் மணலில் புதைத்த புன்னை விதை முளைத்துவிட, பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறாள். அம்மாவோ அதை உன் உடன்பிறப்பு என்றுவிட்டாள். அப்புறம் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சம், கூடப்பிறந்தவள் பார்க்கிறாளே!

காரைக்காலில் மாம்பழம் வேறு வேலை செய்தது. மாமனார் ஊரிலேயே கடை வைத்த நாகப்பட்டினத்து மாப்பிள்ளை பரமதத்தன், வீட்டுக்கு இரண்டு பழம் அனுப்பினான். பசியோடு வந்த அடியாருக்கு மனைவி புனிதவதி சோற்றோடு ஒன்றைப் பரிமாறினாள். மத்தியானம் புருஷன் மற்றொன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றும் கொண்டா என்றான். சிவனை வேண்டினாள்; கையில் பழம் வந்தது. ருசி சந்தேகத்தைக் கிளப்ப, உண்மையைச் சொன்னாள். எங்கே, மறுபடி வரவழை பார்ப்போம் என்றான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. அவனும் மறைந்தான், கப்பலேறி! பாண்டிநாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தானாம். பயம் இருக்கும் இடத்தில்தானே பக்தி!

இன்றும் காரைக்காலில் ஆனி பௌர்ணமியன்று பிட்சாடனர் கோலத்தில் சிவன் வீதியுலா வரும்போது, மாடிகளிலிருந்து ஊரே மாம்பழத்தை வாரி இறைக்கிறது. பிடித்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று கீழே புடவைத் தலைப்புகள் விரிகின்றன. நன்னனைக் கொண்டுவந்து அந்தத் தெருவில் நிறுத்த வேண்டும். எத்தனை பேருக்கென்று தண்டனை எழுதுவான், மனுஷன்!