சாவியின்மை இயல்: பழைய லீவர் பூட்டுகளைத் திறக்கும் பொழுதுபோக்கு குறித்த ஓர் ஆய்வு

1. பாயிரம்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதித்திருப்பதால், பூட்டைப் பற்றிய இவ்வாய்வும் அந்த முறையிலேயே தொடங்குகிறது. ஆக்கியோன் பெயர் இங்கே மறைக்கப்படுகிறது. சாவியில்லாமல் பூட்டைத் திறப்பவர் என்று ஒருவருக்குத் தெருவில் பெயர் பரவிவிட்டால், அடுத்த வீட்டில் அண்டா காணாமற்போனாலும் முதலில் அவரையே விசாரிப்பார்கள் என்பது அதற்குக் காரணம். வழி, 1853இல் லண்டனில் சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த பூட்டு நூலின் வழி. எல்லை, வடக்கே பழைய இரும்புக்கடை, தெற்கே வீட்டின் சாப்பாட்டு மேசை. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, விரிந்து கிடந்ததைத் தொகுத்தது. நுதலிய பொருள், சாவி தொலைந்த பழைய லீவர் பூட்டை உடைக்காமலும் அறுக்காமலும் திறத்தல். கேட்போர், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகளையும் எந்தச் சாவிக்கும் சேராத பூட்டுகளையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்போர். அதாவது, ஏறத்தாழ எல்லாக் குடும்பத்தாரும். பயன் ஐந்தாம் பகுதியில் ஆராயப்படும். அதைத் தேடி நேரே அங்கே செல்வோர் ஏமாற்றம் அடைவர் என்பது இப்போதே அறிவிக்கப்படுகிறது.

2. உறுப்பியல்

லீவர் பூட்டு என்பது, சாவித்துவாரத்துக்கு உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகளைக் காவலாகக் கொண்ட பூட்டு. அத்தகடுகளே லீவர்கள். ஒவ்வொரு லீவரும் ஒரு முனையில் ஆணியில் கோக்கப்பட்டு, மறுமுனை மேலும் கீழும் அசையுமாறு ஒரு சிறு ஸ்பிரிங்கால் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. சாவியைத் திருப்பும்போது முன்னும் பின்னும் நகரும் உலோகத் துண்டைத் தாழ் என்றும், அத்தாழில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கட்டையை முளை என்றும் இவ்வாய்வு வழங்கும். சாவியின் பற்கள் லீவர்களை அவையவற்றுக்கு உரிய உயரத்துக்குத் தூக்க, வெட்டுவாய்கள் எல்லாம் ஒரே நேரில் வந்து நிற்க, முளை அவற்றினூடே நுழைய, தாழ் விலக, பூட்டு திறக்கிறது. ஒரு லீவர் மயிரிழை தாழ்ந்து நின்றாலும் முளை நுழையாது. மயிரிழை உயர்ந்து நின்றாலும் நுழையாது.

குறைவு மட்டுமன்றி மிகையும் குற்றமே என்னும் இக்கோட்பாடு பூட்டுக்குள் புகுந்த காலம் அறியப்பட்டுள்ளது. அதற்கு முந்திய பூட்டுகளில் இருந்த ஒற்றைத் தடுப்பைப் போதிய அளவு தூக்கினால் போதும். அதற்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் பூட்டு கோபித்துக்கொள்வதில்லை. 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற பூட்டில்தான் லீவர்கள் இரு பக்கமும் காவல் காத்தன. அளவாகத் தூக்கினால் மட்டுமே வழிவிட்டன. அளவறிதலை அறநூல்கள் நெடுங்காலம் போதித்தும் பெறாத பலனை இத்தகடுகள் ஒரே ஆண்டில் பெற்றுவிட்டன என்பது ஆய்வாளர் கவனிக்கத்தக்கது.

3. வரலாற்றியல்

பூட்டின் வரலாறு, பூட்டு செய்தவரின் தற்பெருமைக்கும் அதைத் திறந்தவரின் பொறுமைக்கும் நடந்த வழக்கின் வரலாறு. 1817இல் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவி கொண்டு ஒரு திருட்டு நடந்ததும், தனக்குரிய சாவியன்றி வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று ஆங்கில அரசு பரிசு அறிவிக்க, 1818இல் ஜெரமையா சப் என்பவர் துப்புக்காட்டிப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். யாரேனும் ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் உள்ளே ஒரு கொக்கி மாட்டிக்கொண்டு பூட்டு இறுகிவிடும். உரிமையாளர் தம் சாவியை நுழைக்கும்போது அது திரும்ப மறுப்பதைக் கண்டு, தாம் இல்லாத நேரத்தில் ஒருவர் வந்து போனதை அறிந்துகொள்வார். எட்டிப் பார்த்தவர் எல்லாரையும் பற்றி மாலையில் வீட்டாரிடம் ஒப்பிக்கும் இயல்பு இவ்வாறு முதன்முதலாக இரும்புக்கு வாய்த்தது.

இப்பெருமை 33 ஆண்டுகள் நீடித்தது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், ஜூலை 22 அன்று, கிரேட் ஜார்ஜ் தெருவின் 34ஆம் எண் கட்டடத்தில், பாதுகாப்பறைக் கதவிலிருந்த சப் பூட்டைச் சான்றாளர்கள் பார்த்திருக்க 25 நிமிடங்களில் திறந்தார். பின்பு அதைத் திரும்பப் பூட்டியும் காட்டினார். அவருக்கு உதவியது அந்தத் துப்புக்காட்டியே என்பதுதான் இவ்வரலாற்றின் சாரம். ஒரு லீவர் மிகையாக உயர்ந்தது என்பதை உரிமையாளரிடம் சொல்வதற்காக வைத்த உறுப்பு, அதே செய்தியைக் கம்பியைப் பிடித்திருந்தவர் கையிலும் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து ஹாப்ஸ், திறப்பவருக்கு 200 கினி தருவதாகப் பிராமா நிறுவனத்தார் அறிவித்துப் பிக்கடில்லியின் கடைச் சாளரத்தில் பல்லாண்டுகளாக வைத்திருந்த பிராமா பூட்டை எடுத்துக்கொண்டு, 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதையும் திறந்தார். பிராமா பூட்டு லீவர் பூட்டு அன்று. ஆயினும் ஒரு மனிதர் ஒரு பூட்டின்முன் 51 மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதற்கும் அதற்குப் பணம் கிடைத்தது என்பதற்கும் இத்துறை காட்டும் மேற்கோள் அதுவே என்பதால் அது இங்கே சேர்க்கப்பட்டது.

அரச மரபிலும் இத்துறைக்கு ஆதாரம் உண்டு. பிரான்சின் பதினாறாம் லூயி மன்னர் ஓய்வு நேரத்தில் பட்டறையில் அமர்ந்து பூட்டு வேலை செய்தவர். கமேன் என்னும் பூட்டுத் தொழிலாளி அதில் அவருக்குத் துணை. அரண்மனைச் சுவரில் ஆவணங்களை மறைக்க அமைத்த இரும்புப் பெட்டகத்தை 1792இல் புரட்சி அரசுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அந்தக் கமேனே. பூட்டு வாய் திறக்காத இடத்தில் பூட்டுக்காரர் திறந்தார் எனக் கொள்க.

தமிழகத்தில் இத்துறையின் தலைநகர் திண்டுக்கல். அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பட்டறைகளில் லீவர்களைக் கையால் அராவிப் பொருத்திச் செய்யும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாம்பழ வடிவிலான மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டும், சாவித்துவாரத்தையே ஒளித்துவைக்கும் தந்திரப் பூட்டும் அங்கே செய்யப்பட்டவை. தந்திரப் பூட்டின்முன் பயிற்சியாளர் முதல் மாலைப்பொழுதை, எப்படித் திறப்பது என்று அறிவதிலன்றி எங்கே திறப்பது என்று தேடுவதிலேயே கழிப்பார்.

4. அளவையியல்

அறிவு பெறும் வாயில்களைச் சைவ சித்தாந்த நூல்கள் காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்கும். இவற்றுள் காட்சி பூட்டுக்கு உதவாது. டார்ச் அடித்துச் சாவித்துவாரத்தைக் குனிந்து பார்ப்பவருக்கு லீவர்களின் விளிம்பும் கழுத்துவலியும் கிட்டுமேயன்றி வெட்டுவாய் தெரியாது. உரையும் உதவாது, பழைய இரும்புக்கடைக்காரர் “அருமையான பூட்டு சார், சாவிதான் இல்லை” என்பதும், வீட்டுப் பெரியவர் “இதுக்குச் சாவி இங்கேதானே கிடந்துச்சு” என்பதும் நம்பத்தக்கோர் உரையாகிய ஆப்த வாக்கியங்கள் ஆகா. எஞ்சுவது கருதல் ஒன்றே. புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல், விரல்நுனியில் படும் அசைவைக் கொண்டு உள்ளிருக்கும் தகட்டின் நிலையை அறிய வேண்டும்.

அதற்கு இரண்டு கம்பிகள் தேவை. ஒன்று, தாழைத் திறக்கும் திசையில் மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். மற்றொன்று, லீவர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும். தாழைத் தள்ளியதும் முளை எல்லா லீவர்களையும் ஒருசேர அழுத்த வேண்டும் என்பது கொள்கை. ஆனால் உலகில் எந்தப் பட்டறையும் எல்லா லீவர்களையும் அணுவளவும் பிசகாமல் செய்ததில்லை. ஆகவே பேருந்துப் படிக்கட்டில் ஐவர் முண்டியடித்து ஏறும்போது ஒருவர் தோள்தான் முதலில் கம்பியில் இடிப்பதுபோல், ஒரு லீவர்தான் முளையின் அழுத்தத்தை முதலில் தாங்கும். மற்றவை தொட்டதும் துள்ள, அது மட்டும் விறைத்து நிற்கும். அந்த விறைத்த லீவரைக் கண்டு சிறுகச் சிறுக உயர்த்தினால், அதன் வெட்டுவாய் முளைக்கு நேராக வந்த கணத்தில் தாழ் ஒரு நூலளவு நகரும். விறைப்பு அடுத்த லீவருக்கு மாறும். இவ்வாறு கடைசி லீவர்வரை சென்றால் பூட்டு திறக்கும். தள்ளும் விசை மிகுந்தால் எல்லா லீவர்களும் விறைக்கும், குறைந்தால் உயர்த்தியவை யாவும் கீழே விழும் என்பதால், பயில்வோரின் நேரத்தில் பெரும்பகுதி கையைத் தளர்த்தக் கற்பதிலேயே செலவாகும்.

இதிலிருந்து இவ்வாய்வின் நடுநாயகமான முடிபு பெறப்படுகிறது: பூட்டைத் திறப்பது திறப்பவரின் வலிமையன்று, செய்தவரின் பிழை. பிழையே இல்லாத பூட்டில் எல்லா லீவர்களும் ஒரே கணத்தில் விறைக்கும். கருதலுக்கு அடையாளம் கிட்டாது. இதை உணர்ந்த பூட்டுக்காரர்கள் பிழையை நீக்க முயலாமல் பொய்யைச் சேர்த்தனர். லீவரின் விளிம்பில் ஆழமற்ற போலி வெட்டுகளை அமைத்தனர். முளை அவற்றில் பொருந்தியதும் பயில்வோர் வெற்றி என்று மகிழ்வார், பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். சாவித்துவாரத்தைச் சுற்றித் திரும்பும் உருளையையும் வைத்தனர். அது சற்றே திரும்பியதும் துவாரத்தை மறைத்துக் கம்பிகளின் போக்குவரத்தைக் குலைக்கும். பூட்டு நேர்மையின் காவலன் என்னும் பொதுக்கருத்து, அதன் உட்பகுதியை ஆராய்ந்தோரிடம் நிலைப்பதில்லை.

பழைய பூட்டுக்குத் துருவும் தேய்மானமும் சிறப்பியல்புகள். ஆகவே கம்பியை நுழைப்பதற்குமுன் மண்ணெண்ணெயால் அழுக்கைக் கரைத்து, காய்ந்தபின் பென்சில் கரித்தூளைச் சிறிது செலுத்துதல் நன்று. தேங்காய் எண்ணெய் விடுதல் விலக்கப்பட்டது. அது சில மாதங்களில் தூசியோடு சேர்ந்து பசையாகிப் பூட்டுக்கு இன்னொரு லீவராகப் பணியாற்றும். கம்பிகளைப் பொறுத்தவரை, சைக்கிள் ஸ்போக்கும் குடைக்கம்பியும் அரத்துக்கு இணங்கி வளைபவை. பயிற்சி முன்னேறும் வீடுகளில் மழைக்காலத்தில் குடைகள் ஒரு பக்கம் சாய்ந்து விரிவதைக் காணலாம்.

பயில்வோர் தலை, இடை, கடை என மூவகையினர். தலைமாணாக்கர் பூட்டைத் திறந்து, எந்த லீவர் எந்த வரிசையில் விறைத்தது என்று சொல்லி, மீண்டும் பூட்டி, மீண்டும் திறப்பவர். இடைமாணாக்கரிடம் பூட்டு ஒருமுறை திறக்கும். எப்படித் திறந்தது என்று அவருக்கும் தெரியாது, வியப்பில் பூட்டிவிட்டபின் மறுபடி திறக்கவும் திறக்காது. கடைமாணாக்கர் துளைபோடும் இயந்திரத்துக்கு விலை விசாரிப்பவர்.

5. தடைவிடை இயல்

அற்றேல், இது திருட்டைக் கற்பிக்கும் நூலாகாதோ எனின், ஆகாது. திருடர் தம் தொழிலை எப்போதோ கற்றுவிட்டனர்; பூட்டின் குறைகளை மறைப்பதால் ஏமாறுவோர் அதை நம்பி வாங்கும் நல்லவர்களே என்று டாம்லின்சனின் நூலும் வாதிட்டது. மேலும் திருடருக்குக் கடப்பாரையும் இருட்டும் போதும். அவர் நாதாங்கியைப் பெயர்த்துவிட்டுச் சில நிமிடங்களில் வெளியேறுவார். விறைத்த லீவரைத் தேடி நள்ளிரவில் ஒருவர் வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கும் திருடர், பால்காரரிடம் அகப்படுவார்.

இப்பொழுதுபோக்கினர் தமக்கென இரண்டு விதிகளும் வகுத்துள்ளனர். 1997இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இதற்கென ஒரு சங்கமே அமைந்தது. அங்கும் பிற இடங்களிலும் பயில்வோர் போற்றும் அவ்விதிகளாவன: தமக்குச் சொந்தமான பூட்டையோ உரியவர் இசைந்த பூட்டையோ மட்டுமே திறக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள பூட்டைத் தொடக்கூடாது. இரண்டாம் விதி அறத்தின்பாற்பட்டது போலத் தோன்றினும் அனுபவத்தின்பாற்பட்டதே. கம்பியின் முனை உள்ளே ஒடிந்தால் அதன்பின் உரிய சாவிக்கும் பூட்டு திறக்காது.

அற்றேல், பயன் யாது எனின், இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்குக. தனக்குச் சொந்தமானதும் எதையும் பூட்டியிராததுமான பூட்டை ஒருவர் திறக்கிறார். திறந்தபின் உள்ளே ஒன்றும் இல்லை. திறவாதிருந்தாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஆகவே பொருட்பயன் சுழி. ஆயினும், உள்ளே இருப்பதற்காகத் திறப்போர் திறந்தவுடன் பூட்டை மறந்துவிடுவர். உள்ளே எதுவும் இல்லை என அறிந்து திறப்பவர் மட்டுமே பூட்டைப் பூட்டாகப் பார்க்கிறார். எந்தக் கைவினைஞரோ அரத்தால் தேய்த்த தேய்ப்பில் எங்கே சற்றுக் கூடினார், எங்கே களைத்துச் சற்றுக் குறைத்தார் என்பதை அவருக்கு அறிமுகமில்லாத ஒருவர் பல்லாண்டுகள் கழித்து விரல்நுனியால் படிக்கிறார். சாவி கொண்டு திறப்பவருக்கு இச்செய்தி ஒருநாளும் கிட்டாது. சாவி அவருக்காக அதையெல்லாம் தாண்டிச் சென்றுவிடுகிறது.

6. முடிபு

மேற்கண்டவற்றால் லீவர் பூட்டு தன் குறைகளாலேயே திறக்கப்படுவது என்பதும், அக்குறைகளைப் படிப்பதற்குப் பொறுமையன்றி வேறு முதலீடு தேவையில்லை என்பதும், ஈட்டுவது ஏதுமில்லை என்பதும் நிறுவப்பட்டன. வாசகர்கள் தம் வீட்டுப் பரணிலுள்ள சாவியில்லாப் பூட்டுகளை எடைக்குப் போடுவதற்குமுன் ஒன்றையேனும் தனியே எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வாசற்கதவில் தொங்கும் பூட்டில் பயிற்சியைத் தொடங்குதல் ஆகாது. அவ்வாறு தொடங்கியோர் இறுதியில் பூட்டு ரிப்பேர்க்காரரைத் தேடிச் செல்ல நேரும். அவர் பூட்டை அறுத்துத் தருவார், அதற்குக் கூலியும் கேட்பார்.