எதிரே வருகிறவருக்கும் ரோடு தெரிய வேண்டும்

? 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போட்டால் ராத்திரி சவாரிக்கு நன்றாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
— கால் டாக்ஸி ஓட்டுநர், மதுரை

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் இரண்டு 60 வாட் பல்புகள் ஹை பீமில் இழுப்பது 10 ஆம்பியர். அதையே 100 வாட் ஆக்கினால் 17 ஆம்பியரைத் தொடுகிறது. உங்கள் காரின் ஒயரும் சுவிட்சும் ஹோல்டரும் முதல் கணக்குக்குப் போடப்பட்டவை. முதலில் ஹோல்டர் பழுப்பேறும், பிறகு பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வரும். அந்த வாடை வரும்போது நீங்கள் ஏதாவது ஒரு பைபாஸில் சவாரியோடு இருப்பீர்கள்.

? ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிட்டால்?
— அதே மதுரைக்காரர்

ஒயர் தப்பிக்கும், கிண்ணம் தப்பிக்காது. பல்பைச் சுற்றியுள்ள அந்தக் கிண்ணத்தின் பளபளப்புப் பூச்சு அந்தச் சூட்டில் மங்கிப்போகும். ஆறு மாதம் கழித்துப் பழைய பல்பை மாட்டினால் முன்பிருந்த வெளிச்சம்கூட வராது. எதிரே வருகிறவரின் கண் கூசுவதற்கு எந்த ரிலேயிலும் மருந்து கிடையாது.

? எல்.இ.டி. பல்பு மாட்டினால் போலீஸ் பிடிப்பார்களா?
— கல்லூரி மாணவர், கோவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, 2019-ல் திருத்தி எழுதப்பட்டது. விதி அனுமதிக்காத மாற்றத்தை வண்டியில் செய்தால், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹாலஜனை வைத்துச் சோதித்து அங்கீகரித்த விளக்கில் வேறு ஒளியைச் செருகினால், அந்த அங்கீகாரம் அதற்குப் பொருந்தாது.

எனக்கு இதைவிட முக்கியம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106. விளக்கின் ஒளி எப்போதும் தரையை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச் செய்யக் கூடாது. ஒன்றரை மீட்டர் என்றால், ஏறக்குறைய சைக்கிளில் வருகிறவரின் கண். எழுதியவர் யாரோ, அந்த மனிதரை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

? என் காரிலேயே டாப் மாடலுக்குக் கம்பெனி எல்.இ.டி. தருகிறது. அதே ஒளியை நான் கடையில் வாங்கிப் போட்டால் மட்டும் எப்படித் தப்பாகும்?
— வங்கி ஊழியர், திருச்சி

நியாயமான கேள்வி. உங்கள் எச்4 ஹாலஜன் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாமல், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிக்கக்கூடும்). உள்ளே இரண்டு சுருள் இழைகள். முன்னால் இருப்பது டிம்முக்கானது. அதன் அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். டிம் போட்டதும் அந்தக் கரண்டி கீழ்ப்பக்க ஒளியைத் தடுத்துவிடும். கிண்ணத்தின் மேல்பாதியில் படும் ஒளி மட்டும் திரும்பி ரோட்டில் விழும். கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை எங்கே இருக்கிறதோ அந்தப் புள்ளியை வைத்து வரையப்பட்டது.

கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. தட்டையான தண்டின் இரு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே போதும், ரோட்டில் விழ வேண்டியதில் ஒரு பங்கு புளியமரக் கிளைக்கும் இன்னொரு பங்கு எதிர் டிரைவர் கண்ணுக்கும் போகும். கம்பெனி எல்.இ.டி.யில் கிண்ணமும் லென்ஸும் சேர்த்தே அந்தச் சில்லுக்காகச் செய்யப்படுகின்றன.

ஜெர்மனியில் இதை எப்படிக் கையாண்டார்கள் தெரியுமா? 2020-ல்தான் ஓஸ்ராம் கம்பெனியின் எல்.இ.டி. மாற்று பல்பு ஒன்றுக்கு முதன்முதலாகச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் பட்டியலில் உள்ள கார் மாடல்களுக்கு மட்டும். எந்தக் காரின் எந்த விளக்கு என்று தனித்தனியாகப் பார்த்துக் கொடுத்த அனுமதி அது. ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் அச்சடித்த பல்பை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

? மாட்டிப் பார்த்தேன், பளீரென்று இருக்கிறதே!
— ஒரு வாசகர், ஈரோடு

வண்டி மூக்குக்கு முன்னால் பளீரென்றுதான் இருக்கும். பக்கத்தில் வெளிச்சம் கூடினால் கண்ணின் பாவை சுருங்கும், தூரத்தில் இருப்பது இருட்டாகிவிடும். 60 மீட்டருக்கு அப்பால் கறுப்புச் சட்டையில் ஒருவர் நடக்கிறார் என்று வையுங்கள், பழைய பல்பில் தெரிந்தவர் இதில் தெரியாமல் போகலாம்.

? 9 வருடக் கார். நிஜமாகவே வெளிச்சம் போதவில்லை. பிறகு என்னதான் செய்வது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநெல்வேலி

அம்மா, முதலில் லென்ஸைப் பாருங்கள். வெயிலில் மஞ்சள் படிந்திருந்தால் பாலிஷ் போடச் சொல்லுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும். அடுத்து, எலக்ட்ரீஷியனிடம் விளக்கு எரியும்போதே ஹோல்டரில் வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் துருப்பிடித்து வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், ஹாலஜன் ஒளி 30 சதவீதம் குறைந்துவிடும். அந்தத் துருவைச் சுரண்டிவிட ஐந்து நிமிடம் போதும். பிறகு புது பல்பு, அதே 60/55-ல், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் எண்ணும் பொறித்தது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.

? ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கிறது. எதற்கு?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

கேட்டீர்களே, சந்தோஷம். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கும், விளக்கும் சேர்ந்து தூக்கும். திருகை 2-க்கோ 3-க்கோ திருப்பினால் ஒளி இறங்கும். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது மறக்காதீர்கள். தனியாக ஓட்டும்போது 0.

? விளக்கு சரியான கோணத்தில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

முடியும். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு. டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, கத்தி வைத்து வெட்டிய மாதிரி விழ வேண்டும். இடது ஓரம் மட்டும் லேசாக மேலே ஏறும். அது ரோட்டோரம் நடப்பவரைக் காட்ட. விளிம்பே தெரியாமல் சுவரெங்கும் வெளிச்சம் பரவியிருந்தால், அந்த பல்பைக் கழற்றிவிடுங்கள்.

? எதிரே வருகிறவன் ஹை பீமை இறக்கவே மாட்டேன் என்கிறான். நாமும் அடித்தால்தானே புத்தி வரும்?
— லோடு வேன் ஓட்டுநர், திருவாரூர்

உங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அறுவடைக் காலத்தில் எனக்கு நடந்தது. எதிர்க்காரின் வெள்ளை வெளிச்சத்தில் ரோடே மறைந்துபோயிற்று. அது கடந்து போன பிறகு பார்த்தால், என் முன்சக்கரத்துக்கு இரண்டடியில், ரோட்டில் காயவைத்த நெல்லுக்குக் காவலாக வைத்திருந்த கருங்கல் வரிசை. அதற்கு அப்பால் நெல் குவியலின் பக்கத்தில் சாக்கை விரித்து ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். நீங்களும் ஹை பீம் அடித்தால், இரண்டு குருட்டு வண்டிகள் அந்த வேகத்தில் ஒன்றையொன்று நெருங்கும். ஒரு தடவை டிம் அடித்துக் காட்டுங்கள், போதும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எதிர் விளக்கைப் பார்க்காமல், இடது ஓர வெள்ளைக் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போங்கள்.