ஜாதகம் பொருந்தாத வண்டி

பழைய கார் விற்பனை விளம்பரங்களை ஊன்றிப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பாதிக் கார்கள் தொண்ணூறு சதவீதம் முடிந்தவை. "பெரிய வேலையெல்லாம் ஆயிற்று, மீதியை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்" என்று விற்பவர் எழுதியிருப்பார். அந்த ஒரு சனி ஞாயிறு அவருக்கே ஏன் வாய்க்கவில்லை என்று கேட்கக் கூடாது. மீதிப் பத்து சதவீதத்துக்குள்தான் விவாகரத்து, வேலையிழப்பு, மூட்டு வலி எல்லாம் அடங்கியிருக்கின்றன.

நான் வாங்கியதும் அப்படியொரு தொண்ணூறு சதவீத வண்டிதான். 1967-ஆம் வருடத்து பாண்டியாக் லெமான்ஸ், இரண்டு கதவு. கதவுகள் இரண்டும் பின் சீட்டில் படுத்திருந்தன. பானெட் மட்டும் அதன் இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை என்பதால் விற்றவர் அதைத் திறந்து காட்ட அவசரப்படவில்லை.

அந்த வண்டி இப்போது முடிந்துவிட்டது. கதவுகள் கதவு இருக்கும் இடத்தில் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் என்ஜின் பிடிக்கிறது, மிதித்தால் நிற்கிறது. இதைச் சொன்னால் வீட்டில் நம்ப ஆளில்லை. "ஏனுங்க, முடிஞ்சுதுன்னா இன்னும் எதுக்குங்க ராத்திரி கராஜுக்குப் போறீங்க?" என்கிறார் மனைவி. சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்றால் அது ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

பகலில் நான் மின்சாரக் கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். டெட்ராய்ட் புறநகர்களில் தமிழர்களுக்குப் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு வேலைதான். மின்சாரக் கார் சத்தமில்லாமல் வந்து பாதசாரியை இடித்துவிடக் கூடாது என்பதற்காக அதற்குச் செயற்கையாகச் சத்தம் சேர்ப்பது இங்கே சட்டம். அந்தச் சத்தத்துக்காக அலுவலகத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். மாலையில் வீட்டுக்கு வந்து, என் வண்டியின் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று தெருக்காரர்களோடு பேசுகிறேன்.

இந்த ரக வண்டிக்கு மஸில் கார் என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம். நடுத்தரமான உடம்பு, பெரிய காருக்கு வைத்த என்ஜின். இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது பாண்டியாக்தான், அதுவும் குறுக்கு வழியில். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தில் உத்தரவு இருந்தது. 330 என்றால் சுமார் 5.4 லிட்டர். மாருதி 800-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் மயக்கம் வரும், போட வேண்டாம். அப்போது பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். பின்னாளில் துருப்பிடிக்காத எஃகில் தன் பெயரிலேயே கார் விட்டு நொடித்துப் போனாரே, அவரேதான். அவரும் அவருடைய ஆட்களும் உத்தரவைத் திரும்பப் படித்தார்கள். புதுக் காருக்குத்தான் அனுமதி வேண்டும், காரோடு தரும் கூடுதல் வசதிக்கு வேண்டாம். ஆகவே 1964 மாடல் லெமான்ஸில் ரேடியோ வேண்டுமா, ஹீட்டர் வேண்டுமா என்ற பட்டியலில் 389 கன அங்குல என்ஜின் வேண்டுமா என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். அதற்கு ஜிடிஓ என்று பெயர். பெயரையும் ஃபெராரியிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். 5,000 விற்றால் பெரிது என்று நினைத்தார்கள், முதல் வருடமே 32,450 போயிற்று. மேலிடம் அதற்கப்புறம் உத்தரவைப் பற்றிப் பேசவில்லை. லாபம் வந்தால் எந்த ஊர் மேலிடமும் அப்படித்தான்.

இங்கேதான் என் வண்டியின் ஜாதகப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. 1966 முதல் ஜிடிஓ தனி மாடல். அதன் தொடர் எண் 242 என்று தொடங்கும். லெமான்ஸ் என்றால் 237. இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், பிறந்த தொழிற்சாலை ஒன்றுதான், ஆனால் விலையில் ஒரு வீட்டு முன்பணம் அளவுக்கு வித்தியாசம். கார் கண்காட்சிக்குப் போனால் கையில் டார்ச்சுடன் சில பெரியவர்கள் வருவார்கள். பெயிண்டைப் பார்க்க மாட்டார்கள், என்ஜின் ஓசையைக் கேட்க மாட்டார்கள். நேரே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் அறைந்திருக்கும் தகட்டைப் படிப்பார்கள். 237 என்று பார்த்ததும், "ஓ, லெமான்ஸா" என்பார்கள். அந்த 'ஓ'வை நான் கோயம்புத்தூரில் கல்யாணப் பேச்சுகளில் கேட்டிருக்கிறேன்.

அடுத்து என்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். உடம்போடு பிறந்த என்ஜின் உடம்பிலேயே இருந்தால் அதற்கு 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று பெயர். பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று அர்த்தம். என் வண்டிக்கு ஒரு பொருத்தமும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த 326 எப்போதோ யாரிடமோ போய்விட்டது. இப்போது இருப்பது எழுபதுகளின் வேறொரு பாண்டியாக்கிலிருந்து வந்த 400 கன அங்குல என்ஜின், 6.6 லிட்டர். சம்பந்தம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கால பாண்டியாக் வி-8 என்ஜின்களில் ஒரு வசதி, 326 ஆனாலும் 455 ஆனாலும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றேதான். எண்ணைப் படித்தால்தான் குட்டு வெளிப்படும்.

டார்ச் பெரியவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இந்த ஜிடிஓவை ஓட்டிப் பார்த்து, ஃபெராரி ஜிடிஓவோடு ஒப்பிட்டு, வானளாவப் புகழ்ந்து எழுதியது. பாண்டியாக்கின் புகழே அந்தக் கட்டுரையில்தான் எகிறியது. அந்தச் சோதனை வண்டி வந்தது ராயல் ஓக்கில் இருந்த ராயல் பாண்டியாக் என்ற விற்பனை நிலையத்திலிருந்து. அதற்குள் இருந்தது 389 அல்ல, சத்தமில்லாமல் மாற்றி வைத்த 421. விளம்பர வேலையைப் பார்த்த ஜிம் வாங்கர்ஸே பல வருடம் கழித்து இதை ஒப்புக்கொண்டார். ஆக, இந்த வம்சத்தில் முதல் புகழ் பெற்ற வண்டிக்கே ஜாதகம் பொய். என் வண்டி மரபைக் காப்பாற்றுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். நான் அதில் ஜிடிஓ என்ற எழுத்தை ஒட்டவும் இல்லை. லெமான்ஸ் என்று பிறந்தது, லெமான்ஸ் என்றே ஓடுகிறது.

என்ஜினை முதன்முதலாக எழுப்பிய கதையைச் சொல்லாமல் போக முடியாது. இந்த வகைப் பழைய என்ஜினில் புதுக் கேம்ஷாஃப்ட் போட்டால் அதற்கு ஒரு சடங்கு உண்டு. ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலேயே 20 நிமிடம் ஓடியாக வேண்டும். மெதுவாக உறும விட்டால் எண்ணெய் போதிய அளவு தெறிக்காது, கேம்ஷாஃப்டும் அதன்மேல் உட்காரும் லிஃப்டரும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே நடுவில் நிறுத்துவதற்கில்லை. நல்ல சைலன்சர் அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. மேலே மனைவி அலுவலகக் கூட்டத்தில் கேமரா முன் உட்கார்ந்திருந்தார். ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா கையில் சூடத்தட்டுடன் கராஜ் வாசலில் நின்றார். ஐந்தாவது நிமிடத்தில் தெரு முழுக்க எங்கள் வீட்டு முன்னால் இருந்தது. எல்லோரும் என்னிடம் ஏதோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆகவே எல்லோருக்கும் தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அதில் ஒருவர் தன் நாயை ஒரு வாரம் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

இருபது நிமிடம் முடிந்து என்ஜினை நிறுத்தியதும் அம்மா பக்கத்தில் வந்தார். "நல்லாத்தான் கத்துது சாமி. லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

நாலு கிலோமீட்டர் என்றேன். காது அடைத்திருந்ததால் நாற்பது என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். நான் திருத்தவில்லை. இன்றுவரை ஊரில் அந்த வண்டிக்கு நல்ல பெயர்.

பூஜை அம்மாவின் ஏற்பாடு. தொடர் எண்ணில் தொழிற்சாலையைக் குறிக்கும் எழுத்து 'பி'. அப்படியென்றால் மிச்சிகனில் உள்ள பாண்டியாக் நகரத்திலேயே செய்த வண்டி. அந்தப் பாண்டியாக் நகரத்தில் இப்போது பராசக்தி கருமாரியம்மன் கோயில் இருக்கிறது. பிறந்த ஊரில், அம்மன் சன்னிதியில், ஐம்பது வயது தாண்டிய வண்டிக்குப் புது வண்டி பூஜை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மெல்ல நகர்த்தி நசுக்க வேண்டும். 6.6 லிட்டர் என்ஜினுக்கு மெல்ல என்ற வார்த்தை புரியாது. பின் சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை, பறந்தது. பின்னால் நின்ற ஒரு மின்சாரக் காரின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. திருஷ்டி சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று அம்மா அபிப்பிராயப்பட்டார்.

கட்டுவது ஒரு திறமை, கட்டியதை அனுபவிப்பது வேறொரு திறமை. முதலாவதற்குப் புத்தகம் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், பழைய இரும்பை அது மென்று துப்பிவிடும். ஆகவே மே முதல் அக்டோபர் வரைதான் வண்டிக்கு வெளியுலகம். அந்த மாதங்களிலும் நினைத்தபடி போக முடியாது. இங்கே பழைய கார்களுக்கு 'ஹிஸ்டாரிக்' என்று ஒரு மலிவு நம்பர் பிளேட் உண்டு. அதை மாட்டினால் ஊர்வலம், கண்காட்சி, இயந்திரப் பரிசோதனை இவற்றுக்குத்தான் வண்டியை எடுக்கலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் கேள்வி கிடையாது. ஆகவே ஜூன், ஜூலையில் நான் இந்தியக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனால் அது இயந்திரப் பரிசோதனை. ஆகஸ்டில் போனால் கறிவேப்பிலை.

உள்ளே ஏசி கிடையாது. பக்கக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கிறது, அதைத் திருப்பினால் காற்று நேராக மூக்கில் அடிக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் என்பதால் நிற்கும் முடிவைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இறங்கியதும் போட்டிருந்த துணி நேரே துவைக்கிற மெஷினுக்குப் போகிறது, பெட்ரோல் வாசம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது சட்டம். இத்தனைக்கும் நடுவில் என் மகள் கண்டுபிடித்த சொர்க்கம் ஜன்னல் கைப்பிடி. சுற்றினால் கண்ணாடி ஏறும், இறங்கும் என்பதை அவள் அதற்கு முன் கண்டதில்லை. வண்டி போகும் தூரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே வருகிறாள். 6.6 லிட்டர் என்ஜினைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

பெட்ரோல் போடப் போனால் அரை மணி நேரம். டேங்க் பெரியது, சுமார் 80 லிட்டர் பிடிக்கும், ஆனால் தாமதத்துக்கு அது காரணமில்லை. முதலில் மூடி எங்கே என்று கூட்டம் தேடும். பின் நம்பர் பிளேட்டைக் கீழே மடக்கினால் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதைக் காட்டியதும் கைதட்டல். பிறகு சுயசரிதைகள். "என்னிடமும் ஒன்று இருந்தது" என்று தொடங்கி, "கல்யாணம் ஆயிற்று, விற்றுவிட்டேன்" என்று முடியும். விற்காதவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காரணம் மனைவியர் மட்டுமே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து மிச்சத்தையும் முடித்தது. பாண்டியாக்கையே 2010-இல் இழுத்து மூடிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முடிந்த வண்டியைச் சுற்றி வந்து, கதவை மூடித் திறந்து, இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தார். "தப்பு செய்திருக்கிறாய். மேலும் கீழும் ஒரே அளவு இடைவெளி இருக்கிறது. நாங்கள் இவ்வளவு ஒழுங்காக ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை" என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு அது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் 'டிரீம் குரூஸ்' நடக்கும். ஃபெர்ண்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட 1995-இல் தொடங்கியது, இப்போது லட்சக்கணக்கில் ஜனம், பல்லாயிரம் பழைய கார்கள். அறுபதுகளில் இதே சாலையில் இதே வண்டிகள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விட்டன. இன்று எல்லோரும் சேர்ந்து வருவதால் நகரவே வழியில்லை. கால் மைல் தூரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் கடக்கப் பிறந்த என்ஜின், ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடக்கும் ஒரு குழந்தைக்குப் பின்னால் ஊர்கிறது. எல்லா ஓட்டுநர்களின் கண்ணும் வெப்பமானியில்தான். நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜனம் யாருடைய பானெட்டிலிருந்து முதலில் ஆவி வரும் என்று காத்திருக்கும். எனக்கு வரவில்லை. ரேடியேட்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காததற்கு மனைவி அன்றைக்குத்தான் என்னை மன்னித்தார்.

அதே கூட்டத்துக்குச் சிலர் தங்கள் 242-ஐ மூடிய டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இறக்கி, துடைத்து, கயிறு கட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் காக்கிறார்கள். டயரில் தூசி கிடையாது. ஜாதகம் பத்துக்குப் பத்து, குடித்தனம்தான் நடக்கவில்லை. எனக்கு அந்த ஆசை இல்லை. ஓட்டினால் பெயிண்டில் கல் தெறிக்கும், தெறிக்கட்டும், டப்பாவில் மிச்சப் பெயிண்ட் இருக்கிறது.

ஆகஸ்டில் இந்தப் பக்கம் வர வாய்த்தால் உட்வர்டுக்கு வாருங்கள். கரும்பச்சை நிற லெமான்ஸ், தேடினால் கிடைத்துவிடும். பின் சீட்டில் இப்போது கதவுகள் இல்லை, மூன்று பேர் உட்காரலாம். ஜன்னல் பக்கம் மட்டும் கேட்காதீர்கள், அது என் மகளுக்கு. நல்ல துணி உடுத்த வேண்டாம். பெட்ரோலுக்குப் பங்கு தருவதாகச் சொன்னால் மறுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.